ஐந்தாவது டீ

மூன்று தடவை கூப்பிடுவார்களாம். மூன்றாவது தடவைக்குள் உள்ளே போய் நிற்காவிட்டால் மனுதாரர் வரவில்லை என்று வழக்கைத் தள்ளிவிடுவார்களாம். வக்கீலம்மா சாந்தகுமாரி போன வாரமே சொன்னார், காலையில் படியேறும்போது சொன்னார், இப்போது வேறொரு வழக்குக்காக உள்ளே போகும்போதும் என் வலது காதுப்பக்கமாகக் குனிந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இடது காது பிரஸ்ஸோடு போய்விட்டது. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸின் பக்கத்தில் ஆயுளில் பாதியை நின்று கழித்தவனுக்கு ஒரு காது மிஞ்சியதே பெரிது. அந்த ஒன்றைக் கதவுப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். டவாலி வந்து கத்துகிற ஒவ்வொரு பெயரும் தலையில்லாமல் வாலோடு வருகிறது. மூர்த்தி என்று கேட்டதும் எழுந்து ஓடினேன்; கிருஷ்ணமூர்த்தியாம், பேருந்துக் கம்பெனிக்காரர், என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்ப வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரே பயம். அடுத்த மூர்த்தியும் நானில்லை என்று நினைத்து உட்கார்ந்தே இருந்துவிட்டால்? திருமூர்த்தி, திருமூர்த்தி என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். பட்டறையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. முழங்கையில் தட்டுவார்கள், இல்லையென்றால் தகட்டுத் துண்டு ஒன்றைக் காலடியில் எறிவார்கள். இப்போது யாராவது ஒரு தகட்டுத் துண்டை எறிந்தால் தேவலை.

எதிர் பெஞ்சில் பட்டறை முதலாளி சென்னியண்ணன். காகிதத்தில் அவர் எதிர்மனுதாரர், நிர்வாகம். அந்த ஓட்டுக் கொட்டகைக்கும் இரண்டு பிரஸ்ஸுக்கும் நிர்வாகம் என்று ஒரு பெயர் உண்டென்பதே எனக்கு வழக்குப் போட்ட பிறகுதான் தெரியும். அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. பக்கத்தில் மகன் நவீன் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கம் அவர்கள் வக்கீல் கண்ணை மூடியிருக்கிறார். அண்ணன் இளைத்துவிட்டார். சட்டைக் காலரில் கழுத்து ஆடுகிறது. சர்க்கரையாக இருக்கும். எனக்கென்ன? எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டே அவர் காலைப் பார்க்கிறேன். செருப்பில் ஒரு விரலுக்குத் துணி சுற்றியிருக்கிறது. புண்ணா? ஆறாத புண்ணா? அவர் என் பக்கம் பார்ப்பதில்லை. நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். பழக்கம். பட்டறையில் அவர் கைதான் பேசும். பிரஸ் ஓடும்போது கத்தினால் தொண்டைதான் போகும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு கை வைத்திருந்தோம். தகட்டை வெட்டுகிற அச்சுக்கு டை என்று பெயர், அதை மாற்ற வேண்டுமென்றால் முஷ்டியை உள்ளங்கையில் வைத்துத் திருகுவார். மணிக்கட்டைச் சுண்டித் திருப்பினால் என்ன விஷயம் என்று கேட்கிறார். கரண்ட் போய்விட்டால் ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுழற்றி, மெதுவாக்கி, நிறுத்துவோம். பிரஸ்ஸின் பெரிய சக்கரம் அப்படித்தான் சாகும், கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் தானே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு. டீக்கு, வாசலுக்குப் போய் எதிர்க்கடை மணியனைப் பார்த்து விரல் காட்டுவார். எத்தனை விரலோ அத்தனை டீ. அண்ணனும் நானும் வேலையாட்கள் இரண்டு பேரும் பேக்கிங் பார்க்கிற செல்லம்மாவும், மொத்தம் ஐந்து. யாராவது லீவென்றால் நாலு. அந்தக் கையை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! ஒரே ஒரு தடவை பார்த்ததுதான் இன்னும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அவர் திட்டாத வாரம் கிடையாது. திட்டு என்றால் சாதாரணத் திட்டில்லை. ஆனால் எல்லாம் பிரஸ் சத்தத்துக்குள்ளே நடக்கும். வாய் அசைவது தெரியும், கழுத்து நரம்பு புடைப்பது தெரியும், வார்த்தை தெரியாது. தெரியாததனால் சுடாது. கடைசியில் 'நாளைக்கிருந்து வராதே' என்று முடிப்பார், அதை மட்டும் உதட்டிலேயே படித்துவிடலாம், எல்லாருக்கும் மனப்பாடம். மறுநாள் திட்டு வாங்கியவன் ஒன்றும் நடக்காததுபோல வந்து பிரஸ்ஸில் நிற்பான். டீ வரும். தட்டில் அவன் கிளாஸும் இருக்கும். அவ்வளவுதான், தீர்ந்தது. யாரும் மன்னிப்புக் கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை. அன்றைக்கு என்னிடம் தப்பு இருந்தது. எண்ணெய்ப் பசையில் இரண்டு தகடு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. போட்டுக்கொண்டால் வயசாகிவிட்டது என்பார்களே என்று பையிலேயே வைத்திருந்தேன். இரட்டைத் தகடு உள்ளே போய் டை விண்டுவிட்டது. புது டை, அதுவும் பம்ப் கம்பெனிக்காரனுடையது. அண்ணன் ஓடி வந்தார், வாய் அசைந்தது, நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. சத்தம் நின்றது. கூரைக்கு மேலே காக்கை கத்துவது கேட்டது, டீக்கடையில் வடைச் சட்டியின் சத்தம் கேட்டது, அண்ணனுடைய குரல் கேட்டது. சத்தம் நின்றது அவருக்குத் தெரியவில்லை, காதுதான் இல்லையே. பிரஸ்ஸுக்கு மேலே கத்துகிற அதே கத்தல் தெரு முழுக்கப் போயிற்று. "குருட்டு முண்டத்துக்குச் சோறு போட்டு வெச்சிருக்கறம் பாரு! உன்ர வயசுக்கு இனி உனக்கெல்லாம் எவன் வேலை தருவான்? நாளைக்கிருந்து வராதே, போ!" சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் விரலைத் தூக்கி வட்டம் போட்டு மெதுவாக்கி நிறுத்திக் காட்டியிருந்தால் அவர் அங்கேயே வாயை மூடியிருப்பார். கை எழவில்லை. செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா, இல்லை அன்றைக்கு மட்டும்தான் இப்படியா என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. வார்த்தை புதுசில்லை, கேட்டதுதான் புதுசு.

மறுநாள் போனேன். இதை மட்டும் யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன், போனேன். ஆனால் எதுவரைக்கும் போனேன்? மணியன் கடை வரைக்கும். உள்ளே தொங்குகிற வாழைத்தாருக்குப் பின்னால் நின்றேன். சாலையைத் தாண்டினால் பட்டறை. மணியன் பாலை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "என்னுங்ணா, இன்னிக்கு லீவுங்களா? நேத்து சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுங்." பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்கள். மணியன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் தாண்டியிருப்பேனா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், எனக்கே தெரியாது. அப்போது அண்ணன் வாசலுக்கு வந்தார். கையைத் தூக்கினார். ஐந்து விரல். நான் இல்லாமல் நாலு பேர்தானே உள்ளே? ஐந்தாவது எனக்கா? நான் நிற்பதைப் பார்த்துவிட்டாரா, பார்க்காமலே எப்படியும் வருவான் என்று போட்டாரா? இல்லை, கை பழக்கத்தில் விரிந்துகொண்டதா? உடனே பார்த்தேன், பட்டறை வாசலில் ஒரு சிவப்பு பைக் நின்றது. பம்ப் கம்பெனிக்காரனாக இருக்கலாம், டை விஷயமாக வந்திருக்கலாம், ஐந்தாவது அவனுக்கு. அப்படியென்றால் நான் கணக்கில் இல்லை. மணியன் தட்டில் ஐந்து கிளாஸை வைத்து எடுத்துக்கொண்டு போனான். கொஞ்சம் பொறுத்திருந்தால் காலி கிளாஸோடு திரும்பி வருவான். ஒரு கிளாஸ் நிறைந்தபடியே திரும்பினால் அது என்னுடையது, அந்த நிமிஷமே சாலையைத் தாண்டலாம். ஐந்தும் காலியாக வந்தால் முடிந்தது. நான் பொறுத்திருக்கவில்லை. எது வருமென்று பார்க்கிற தைரியம் இல்லாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து மணியனிடம் கேட்டேன். "அட ஏனுங்ணா, தெனமும் எத்தனை கிளாஸ் கழுவறேன், அதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கவா?" என்றான். நியாயம்தான். கழுவுகிறவன் ஏன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? அண்ணன் கூப்பிட்டு அனுப்புவார் என்று வீட்டில் இருந்தேன். வந்தால் வரட்டும் என்று அவர் அங்கே இருந்திருப்பார். இரண்டு பேரும் அப்படியே இருந்துவிட்டோம். அவர் என்னை விரட்டவில்லை, நானும் வேலையை விடவில்லை. ஆனால் வேலை போய்விட்டது.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை. வக்கீலம்மாவிடம் ஒருநாள் இதை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார். "திருமூர்த்தி, இங்கே ரெண்டே ரெண்டுதான். அவர் உங்களை நிறுத்தினார், இல்லேன்னா நீங்களா நின்னீங்க. விசாரணை வைக்காம, நோட்டீஸ் கொடுக்காம வாயால நிறுத்தினா அது செல்லாது, திரும்ப வேலை கேக்கலாம். நீங்களா நின்னிருந்தா ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம். நடுவுல வாழைத்தாருக்குப் பின்னாடி நின்னேங்கிறதுக்கு ஒரு செக்‌ஷனும் கிடையாது." அதனால் பிரமாண வாக்குமூலத்தில் நான் பட்டறை வாசல்வரை போனதாகவும், உள்ளே விட மறுக்கப்பட்டதாகவும் இருக்கிறது. படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். மறுக்கப்பட்டேன் என்பது பொய்யா? யார் மறுத்தது என்று எழுதவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் மட்டும் என்ன? நான் வேலையைக் கைவிட்டு ஓடிவிட்டதாகவும், நிர்வாகம் எப்போதும் வேலை கொடுக்கத் தயாராக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். தயாராக இருந்ததென்றால் ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே? லேபர் ஆபீசில் சமரசத்துக்கு உட்கார்ந்தபோது நவீன் சொன்னான், "சார், எங்கப்பா வாரம் ஒருத்தரையாவது வராதேன்னு சொல்லாம தூங்க மாட்டாரு. அதெல்லாம் டிஸ்மிஸ்ஸுன்னு எடுத்துக்கிட்டா எங்கம்மா எப்பவோ கேஸ் போட்டிருக்கோணும்." அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அண்ணனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். அன்றைக்கு நான் எழுந்து அவர் முழங்கையைத் தட்டியிருந்தால்? தட்டவில்லை. சமரசம் முறிந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். முறிந்தது என்று எழுதுவதற்கு மட்டும் ஒரு அதிகாரியும் ஒரு முத்திரையும் இருக்கிறது.

வழக்கு ஜெயித்தால்தான் என்ன? நேற்று என் வீட்டுக்காரி ருக்மணி கேட்டாள். பத்து மணி நேரம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வந்து காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள். "திரும்ப எடுத்துக்கச் சொல்லி உத்தரவு போட்டா அங்கயே போவீங்களா?" சட்டம் சொன்னால் அவர் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்றேன். "சட்டம் எங்க கடையில ஸ்டூல் போடச் சொன்னதுங்க. போட்டிருக்கறாங்க. அது மேல ஜாக்கெட் பிட்டு அடுக்கியிருக்குது." சொல்லிவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது நான் ஒரு அடுக்குமாடி கேட்டில் காருக்குக் கதவு திறந்துவிடுகிறேன். அங்கேயும் ஒருவன் தினமும் கையைக் காட்டுகிறான், சீக்கிரம் திற என்று. என்னை வெளியே தள்ளிய வார்த்தை ஒன்று உண்டென்றால் அது வராதே என்பதல்ல, இனி உனக்கு எவன் வேலை தருவான் என்பதுதான். அது பலித்துவிட்டது. போன இடத்திலெல்லாம் வயசைக் கேட்டார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள். ஒரு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய் அந்தப் பட்டறைக்குள் நிற்பதாக நினைத்துப் பார்க்கிறேன். அண்ணன் வாசலுக்குப் போகிறார், கையைத் தூக்குகிறார். நீதிமன்ற உத்தரவுப்படி ஐந்து விரல். தொண்டையில் இறங்குமா அது? இறங்காது. பிறகு எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்? ஜெயிப்பதற்காகவா, என்னை அனுப்பியது அவர்தான், நானாக ஓடவில்லை என்று ஒரு ஜட்ஜ் வாயால் கேட்பதற்காகவா? அதைக் கேட்டால் எனக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிடுமா?

படிக்கட்டில் டீக்காரர் தூக்குக் கேனோடு ஏறி வந்து, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நிற்கிறார். அண்ணன் அவரைப் பார்க்கிறார். கை மடியிலிருந்து எழுகிறது. நான் ஆட்களை எண்ணுகிறேன், ஏன் என்று தெரியவில்லை. அவர், மகன், வக்கீல், மூன்று. கை மேலே போகிறது. நாலு விரல். நவீன் அவர் கையைப் பிடித்து இறக்குகிறான், காதுக்குள் கத்துகிறான், "அப்பா, நாம மூணு பேருதான்!" தாழ்வாரமே திரும்பிப் பார்க்கிறது. அண்ணன் அவன் கையை உதறிவிட்டு மறுபடியும் நாலைக் காட்டுகிறார். டீக்காரர் மூன்று காகிதக் கோப்பைகளை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாலாவதை வைத்துக்கொண்டு விழிக்கிறார். அண்ணன் தாடையால் என்னைக் காட்டுகிறார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றுமில்லை, டை மாற்றச் சொல்கிற அதே முகம். டீ என் பக்கத்தில் பெஞ்சுமேல் வந்து உட்காருகிறது. இஞ்சி வாசனை. இது எனக்குத்தான், இதில் சிவப்பு பைக் எதுவும் இல்லை. அப்படியென்றால் அதுவும் எனக்குத்தானா? அன்றைக்கு ஒரு கிளாஸ் நிறைந்தபடி தட்டில் திரும்பி வந்ததா? நான் பஸ்ஸில் ஏறும்போது அது அங்கே ஏடு கட்டிக்கொண்டிருந்ததா? இல்லை, இது இன்றைக்கு வந்த இரக்கமா, காலில் துணி சுற்றியவனுக்கு வருகிற இரக்கம்? அவரைக் கேட்டால் தெரியும். மணிக்கட்டைச் சுண்டித் திருப்பினால் போதும். கை எழப் பார்க்கிறது. அதற்குள் வக்கீலம்மா வெளியே வந்துவிட்டார். கோப்பையைப் பார்த்தார், எதிர் பெஞ்சைப் பார்த்தார். "அவங்க வாங்கித் தந்ததா? தொடாதீங்க. ராஜியாப் போயாச்சுன்னு உள்ள சொல்லிருவாங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அவங்க வக்கீல் எதை 'அப்படித்தானே'ன்னு கேட்டாலும் சரியல்ல, சரியல்ல, அவ்வளவுதான்." தலையாட்டுகிறேன். திருமூர்த்தி என்று கூப்பிடுகிறார்கள். முழுசாகக் கேட்கிறது, தலையும் வாலும். ஒரே தடவையில் கேட்கிறது. கேட்காமல் போயிருக்கலாம்.

கூண்டில் நிற்கிறேன். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்கிறேன். மேலே மின்விசிறி கடகடக்கிறது, அதன் கீழே ஜட்ஜ், பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண். அண்ணன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து என் உதட்டையே பார்க்கிறார். அவர் வக்கீல் எங்கே பிறந்தீர்கள், எதுவரை படித்தீர்கள் என்று ஆரம்பித்து மெதுவாகப் பட்டறைக்கு வருகிறார். டை உடைந்தது என்னால்தானே? ஆமாம். முதலாளி கோபத்தில் திட்டுவது வழக்கம்தானே? ஆமாம். திட்டு வாங்கியவர்கள் மறுநாள் வந்து வேலை செய்வதும் வழக்கம்தானே? ஆமாம் என்கிறேன், வக்கீலம்மா பேனாவால் மேசையைத் தட்டுகிறார். "மறுநாள் வாசலில் உங்களை யார் தடுத்தது? பெயர் சொல்லுங்க." வாழைத்தார் கண்முன்னே ஆடுகிறது. மணியன் என்று சொல்லலாமா? ஞாபகமில்லை என்கிறேன். "யாரும் தடுக்கவில்லை. என் கட்சிக்காரர் உங்களுக்கு வேலை கொடுக்கத் தயாராக இருந்தார், உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாகத்தான் வேலையை விட்டு நின்றுகொண்டீர்கள் என்று சொல்கிறேன்." ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்கிறார். வெளியே பெஞ்சுமேல் அந்த டீ இந்நேரம் ஏடு கட்டியிருக்கும். ஆமாம் என்றால் ருக்மணியின் உப்புத் தண்ணீர் தீராது. இல்லை என்றால் அந்தக் கை காட்டிய ஐந்து விரலும் பொய்யாகிவிடும். சரிதான் என்று சொன்னால் அண்ணன் எழுந்து வந்துவிடுவாரா, கூட்டிக்கொண்டு போய்விடுவாரா? மாட்டார். வழக்கு முடிந்தது என்று நவீன் அவரைக் கைப்பிடித்துப் படியிறக்குவான், அவ்வளவுதான். எனக்கு உண்மை எது என்று தெரிந்தால் உண்மையையே சொல்லிவிடுவேன்.

"சரியல்ல" என்கிறேன்.

ஜட்ஜ் அதை முழு வாக்கியமாக்கிச் சொல்கிறார், அந்தப் பெண் தட்டுகிறாள். நானாகவே வேலையை விட்டு நின்றுகொண்டேன் என்றால் சரியல்ல. எதிர்மனுதாரர் எனக்கு வேலை கொடுக்கத் தயாராக இருந்தார் என்றால் சரியல்ல. வக்கீலம்மா முகத்தில் திருப்தி. அண்ணனுக்கு என் உதடு பிடிபடவில்லைபோல. மகனைப் பார்க்கிறார், அவன் போனைப் பார்க்கிறான். அவர் மறுபடியும் என்னைப் பார்க்கிறார். முழங்கால்மேல் இருந்த கை லேசாக எழுந்து, மணிக்கட்டைச் சுண்டித் திருப்புகிறது. என்ன விஷயம்?

கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையை எடுக்கிறேன். அன்றைக்கு எழாத ஆள்காட்டி விரலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றுகிறேன். சுழற்றி, மெதுவாக்கி, இன்னும் மெதுவாக்கி, நிறுத்துகிறேன்.

அவர் புரிந்தது என்று தலையாட்டுகிறார்.